“வயதின் கோளாறு” என்று முடிவு கட்டுமுன் – மாதவிடாய் நிற்கும் பருவத்து உதிரப்போக்கை ஆய்ந்தறியும் முறைகள்

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணொருத்திக்கு உதிரப்போக்கு முறை தவறி வருமாயின், வீட்டிலும் அண்டை அயலிலும் அவள் முதலில் கேட்கும் சொல், “வயதாகிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும்” என்பதே. இஃது ஆறுதலாகச் சொல்லப்படும் சொல். பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கும் சொல். ஆயினும் மருத்துவ நோக்கில் இது ஒரு முடிவு. ஆய்வின் இறுதியில் வரவேண்டிய முடிவு. ஆய்வே தொடங்காத முன்னர் அம்முடிவைச் சொல்லிவிட்டால், அடுத்து வரவேண்டிய கேள்விகள் அனைத்தும் அடைபட்டுப் போகின்றன. அக்கேள்விகள் யாவை? அவற்றுக்கு விடை காண மருத்துவர்கள் கைக்கொள்ளும் சோதனைகள் யாவை? ஒவ்வொரு சோதனையும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் மறைப்பும்

பெண்ணின் உதிரப்போக்கைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. பூப்பு என்பது தொல்காப்பியத்திலேயே ஆளப்பட்ட சொல். மாதவிடாய், மாதவிலக்கு, சூதகம், தீட்டு, வீட்டுக்குத் தூரம் என்பன பிற்கால வழக்குகள். அளவுக்கு மிஞ்சிய போக்கினைப் “பெரும்பாடு” என்று தமிழ் மருத்துவம் பெயரிட்டது. இவற்றுள் பெரும்பாடு ஒன்றே நோயின் தன்மையைச் சுட்டுகின்றது. விலக்கு, தூரம் முதலியன பெண் எங்கே இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்கின்றனவேயன்றி, அவள் உடலில் நிகழ்வது யாதெனச் சொல்லவில்லை. மறைபொருளாகப் பேசிப் பழகிய நாவுக்கு, மருத்துவர் முன் அமர்ந்து எத்தனை நாள், எவ்வளவு, எந்த நிறம் என்று சொல்வது எளிதன்று. நோயறிதலின் முதற்படியே இவ்விடத்தில் தடைப்படுகின்றது.

பருவ மாற்றத்தின் இயல்பு

பெண்ணின் சினைப்பை திங்கள்தோறும் ஒரு சினைமுட்டையை வெளியிடுகின்றது. அதற்கு முன்னர் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கின்றது. முட்டை வெளிப்பட்ட பின்னர் புரோஜெஸ்டரோன் என்னும் ஹார்மோன் சுரந்து, வளர்ந்த சவ்வைப் பண்படுத்தி நிறுத்துகின்றது. கரு தங்காவிடில் இரண்டும் தாழ்கின்றன. சவ்வு ஒருசேர உதிர்கின்றது. இதுவே மாதவிடாய்.

நாற்பதுகளின் நடுவில் சில திங்கள்களில் முட்டை வெளிப்படுவதில்லை. அப்போது வளர்க்கும் ஹார்மோன் இருக்கின்றது; நிறுத்தும் ஹார்மோன் இல்லை. உரமிட ஆள் இருந்து, களையெடுக்க ஆள் இல்லாத தோட்டம் போன்ற நிலை அது. சவ்வு ஒழுங்கின்றி வளர்ந்து, அங்கங்கே ஒழுங்கின்றி உதிர்கின்றது. ஆதலின் இக்காலத்தில் விடாய் தள்ளிப்போதலும், ஒரு திங்கள் மிகுந்தும் மறு திங்கள் குறைந்தும் வருதலும் எதிர்பார்க்கத்தக்கனவே. “வயதின் கோளாறு” என்ற சொல்லில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

இடர் எங்கே உளது? நிறுத்தும் ஹார்மோனின்றி நெடுங்காலம் வளரும் சவ்வு, சிலரிடம் அளவு மீறிப் பெருகிப் புற்றுநோயாகவும் மாறக்கூடும். இயல்பான பருவ மாற்றமும் நோயின் தொடக்கமும் வெளியே காட்டும் அடையாளம் ஒன்றே: உதிரம். கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது.

இயல்பு எது, இயல்பன்று எது?

தொடர்ந்து 12 திங்கள் விடாய் வாராதிருந்தால், மாதவிடாய் நின்றுவிட்டது எனக் கொள்வது மருத்துவ மரபு. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கின்றது. இந்த 12 திங்கள் என்னும் எல்லைக்கோடு மிக முதன்மையானது. கோட்டிற்கு இப்பால் ஒரு நெறி. அப்பால் வேறொரு நெறி.

கோட்டிற்கு இப்பால், அதாவது விடாய் முற்றும் நில்லாத காலத்தில், 24 நாளுக்கும் குறைந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருதல், 8 நாளுக்கு மேல் நீடித்தல், இரு விடாய்க்கு இடையில் கசிதல், உடலுறவுக்குப் பின் உதிரம் காணுதல், கட்டி கட்டியாகப் போதல், மணிக்கு ஓர் அணையாடை நனையுமளவு பெருகுதல் ஆகியவை மருத்துவரிடம் காட்டத்தக்கன.

கோட்டிற்கு அப்பால் கணக்கு எளிது. 12 திங்கள் நின்ற பின்னர் வரும் எந்த உதிரமும் இயல்பன்று. ஒரு துளியாயினும், ஒரே ஒரு நாளாயினும், வலியே இல்லையாயினும், செந்நிறமின்றிப் பழுப்புக் கறையாகவே இருந்தாலும் அது ஆராயத்தக்கதே. “மறுபடியும் விடாய் திரும்பிவிட்டது, உடம்பில் இளமை இருக்கிறது” என்று மகிழ்வாரும் உளர். அது பிழையான மகிழ்ச்சி.

இங்கே இரண்டு எண்களைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். உலகின் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, மாதவிடாய் நின்ற பின் உதிரம் கண்ட பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கே கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருந்தது. இஃது அச்சத்தைத் தணிக்கும் எண். ஆனால் அப்புற்றுநோய் கண்ட பெண்கள் 100 பேரை எடுத்து நோக்கினால், ஏறத்தாழ 90 பேருக்கு உதிரப்போக்கு முன்னரே தோன்றியிருந்தது. இஃது அசட்டையை நீக்கும் எண். முதல் எண்ணை மட்டும் படிப்பவர் வீட்டிலேயே இருந்துவிடுவர். இரண்டாம் எண்ணை மட்டும் படிப்பவர் அஞ்சி ஒடுங்குவர். இரண்டையும் படிப்பவர் மருத்துவரிடம் செல்வர்.

காரணங்கள் பல

உதிரப்போக்கின் காரணங்களை ஒழுங்குபடுத்தி, பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2011இல் 9 பிரிவுகளாக வகுத்தது. அவற்றுள் 4 பிரிவுகள் கண்ணாலோ கருவியாலோ நுண்ணோக்கியாலோ காணத்தக்கவை: உட்சவ்வில் தொங்கும் பாலிப் என்னும் சதை, கருப்பைத் தசைக்குள் உட்சவ்வு ஊடுருவிப் பரவுதல், நார்க்கழலை, புற்றுநோயும் அதற்கு முற்பட்ட சவ்வுப் பெருக்கமும். ஏனைய 5 பிரிவுகள் உருவமாகக் காணவியலாதவை: குருதி உறைதலில் குறை, முட்டை வெளிப்படாமை, உட்சவ்வின் தன்னியல்பான கோளாறு, மருந்தாலும் மருத்துவத்தாலும் விளைவது, வேறெதிலும் அடங்காதது.

இப்பகுப்பு விடாய் நில்லாத காலத்தவர்க்கென அமைந்தது. விடாய் நின்ற பின்னரோ, ஹார்மோன் குறைந்து கருப்பைச் சவ்வும் பிறப்புறுப்பின் சவ்வும் மெலிந்து வறண்டு கசிவதே மிகுதியாகக் காணப்படும் காரணம். இது பெருந்தீங்கற்றது. ஆயினும் அது “பெருந்தீங்கற்றது” என்று உறுதி செய்யச் சோதனை வேண்டும் என்பதே கருத்து.

முதற்படி: கேட்டறிதல்

கருவி எதுவும் இன்றி நடைபெறும் இச்சோதனையே பாதி வழியைக் காட்டிவிடும். கடைசி விடாய் எப்போது? எத்தனை நாள்? எத்தனை அணையாடை? இவற்றோடு, உண்ணும் மருந்துகளின் பெயரும் கேட்கப்படும். குருதி உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின் போன்ற மருந்துகள் போக்கை மிகுவிக்கும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரை, விடாய் நின்ற பெண்களிடம் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயின் வாய்ப்பைச் சற்று உயர்த்தும். ஹார்மோன் மாத்திரைகளும், பெயர் அறியாத நாட்டு மருந்துப் பொடிகளும் சொல்லப்பட வேண்டியவையே.

உடற்பருமன், நீரிழிவு, பிள்ளைப்பேறு இன்மை, விடாய் மிகத் தாமதமாக நிற்றல், குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருத்தல் ஆகியவையும் கேட்கப்படும். உடற்கொழுப்பு தானே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் ஆற்றலுடையது. ஆதலின் சினைப்பை ஓய்ந்த பின்னரும் பருத்த உடலில் சவ்வு வளர்ந்துகொண்டே இருக்கக்கூடும். மலேசியாவில் இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு மிகுந்து காணப்படுவதும், சிங்கப்பூரில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் கருப்பைப் புற்றுநோய் நான்காம் இடத்தில் நிற்பதும், இக்கேள்விகள் நம்மவர்க்கு எவ்வளவு பொருந்துவன என்பதைக் காட்டும்.

இரண்டாம் படி: நேரில் பார்த்தல்

உதிரம் எங்கிருந்து வருகின்றது? கருப்பையிலிருந்து என்று கொள்வது ஊகமே. சிறுநீர்ப் பையிலிருந்தும், மூலத்திலிருந்தும், கருப்பைக் கழுத்திலிருந்தும் வரலாம். மருத்துவர் கருவியால் வழியை விரித்துப் பார்த்தே இடத்தை அறிகின்றார். கழுத்துப் பகுதியில் புண்ணோ கட்டியோ இருப்பின் அப்போதே புலப்படும்.

இங்கே பலரையும் மயக்கும் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் நன்று. “போன ஆண்டுதான் பாப் ஸ்மியர் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்” என்று கூறி, இப்போது தோன்றிய உதிரத்தைப் பொருட்படுத்தாத பெண்கள் உளர். அச்சோதனைக்குப் பெயர் தந்தவர் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பனிக்கொலாவ். அவரும் டிராவுட் என்னும் மருத்துவரும் 1943இல் வெளியிட்ட நூலால் அது உலகெங்கும் பரவியது. அது கருப்பையின் கழுத்தைக் காக்கும் சோதனை. கருப்பையின் உள்ளறையை ஆராயும் சோதனை அன்று. உள்ளறைச் சவ்வின் உயிரணுக்கள் அதில் தற்செயலாகவே வந்து விழுகின்றன. வாயிற்காவலர் “வாயிலில் எவருமில்லை” என்று சொன்னால், உள்ளறையிலும் எவருமில்லை என்று பொருளாகாது. அவ்வாறே, கழுத்துச் சோதனை நன்றாயிருப்பது உட்சவ்வுக்கு நற்சான்று ஆகாது.

மூன்றாம் படி: குருதிச் சோதனை

விடாய் முற்றும் நில்லாத பெண்ணுக்கு முதலில் செய்யப்படுவது கருவுற்றிருக்கின்றாளா என்னும் சோதனை. நாற்பத்தெட்டு வயதில் இக்கேள்வி நகைப்பைத் தரலாம். ஆயினும் முட்டை எப்போதேனும் வெளிப்படும் வரை கருவுறும் வாய்ப்பு உண்டு. அடுத்து ஹீமோகுளோபின் அளவு. கருவுறாத பெண்ணுக்கு 100 மில்லி லிட்டரில் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். நாளும் உழைத்துக் களைக்கும் பெண், தன் களைப்பை வேலையின் மேல் ஏற்றிச் சொல்வது வழக்கம். அக்களைப்பு மெல்ல மெல்ல உதிரம் இழந்ததன் விளைவாக இருக்கலாம். தேவைக்கேற்பத் தைராய்டு சுரப்பி, குருதித் தட்டணுக்கள், உறைதல் திறன் ஆகியனவும் ஆராயப்படும்.

குருதிச் சோதனை எவ்வளவு இழப்பு என்று சொல்லும்; சில காரணங்களையும் சொல்லும். கருப்பைக்குள் என்ன இருக்கின்றது என்று சொல்லாது.

நான்காம் படி: ஒலியால் அளத்தல்

கருப்பையைத் திறவாமல் உள்ளே பார்ப்பதற்கு வழி காட்டியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகளிர் மருத்துவப் பேராசிரியர் ஐயன் டொனால்ட். கொதிகலன் தொழிற்சாலையில் உலோகத்தின் உள்விரிசலைக் கேளா ஒலியால் கண்டறிவதை அறிந்த அவர், 1955இல் அறுவையில் எடுத்த கழலைகளை அத்தொழிற்சாலைக்கே கொண்டுசென்று சோதித்தார். நீர் நிறைந்த கட்டியும் தசைக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தருவதைக் கண்டார். மாக்விக்கர், பிரவுன் என்னும் இருவரோடு சேர்ந்து 1958இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இன்று ஊர்தோறும் உள்ள ஸ்கேன் கருவிக்கு வித்து. தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது நீர்க்கட்டியே என்று அக்கருவி காட்ட, அறுவையால் அவர் பிழைத்தார்.

இன்று உதிரப்போக்கை ஆராய, மெல்லிய ஒலிக்கோலைப் பிறப்புவழியே செலுத்தி அருகிலிருந்து பார்ப்பர். வயிற்றின் மேலிருந்து பார்ப்பதைவிட இது தெளிவானது. நார்க்கழலை, சினைப்பைக் கட்டி ஆகியவற்றைக் காட்டுவதோடு, உட்சவ்வின் தடிப்பை மில்லி மீட்டர்க் கணக்கில் இது அளந்து தரும். விடாய் நின்ற பெண்ணுக்கு உதிரம் கண்டு, தடிப்பு 4 மில்லி மீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருப்பின், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 100இல் 1க்கும் கீழ். அதனை மிஞ்சினாலோ, சவ்வு தெளிவாகத் தெரியாவிட்டாலோ, திசுவை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

இந்த 4 மில்லி மீட்டர்க் கணக்கை எல்லார்க்கும் பொருத்துதல் தவறு. விடாய் நில்லாத பெண்ணின் சவ்வு திங்களின் நாளுக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் மாறுவதால், அவளுக்கு இவ்வளவு பயன்படாது. டமாக்சிஃபென் உண்பவரின் சவ்வு நோயின்றியே தடித்துத் தோன்றும். நார்க்கழலைகள் சவ்வை மறைக்கவும் செய்யும். அமெரிக்காவில் புற்றுநோய் கண்ட கறுப்பினப் பெண்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒருவருக்குச் சற்று மேலானோரின் சவ்வு 5 மில்லி மீட்டருக்கும் குறைவாகவே இருந்தது. ஆதலின் மெல்லிய சவ்வு என்று அறிந்த பின்னரும் உதிரம் மீண்டும் வருமாயின், ஆய்வு முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

மணமாகாத பெண்களும், உள்வழிச் சோதனைக்கு இசையாதவர்களும், வயிற்றின் மேலிருந்து செய்யும் ஸ்கேனைக் கேட்டுப் பெறலாம். பெண் மருத்துவரையும் கேட்கலாம். கூச்சத்தால் சோதனையையே விட்டுவிடுவதைவிட, கூச்சத்தை வாய்விட்டுச் சொல்லி வேறு வழி கேட்பது அறிவுடைமை.

ஐந்தாம் படி: திசுவை எடுத்துப் பார்த்தல்

ஒலி தடிப்பைச் சொல்லும். தடித்தது எது என்று சொல்லாது. அதைச் சொல்லவல்லது நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் திசு ஒன்றே.

முற்காலத்தில் இதற்கென்று நடைபெற்றது, மயக்கம் கொடுத்துக் கருப்பை வாயை விரித்துச் சவ்வைச் சுரண்டி எடுக்கும் முறை. “டி அண்ட் சி” என்று இன்றும் மக்கள் வழங்குவது இதனையே. சுரண்டும் கரண்டியைப் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே 1840களில் அறிமுகப்படுத்தினார். நூறாண்டுக்கு மேல் இதுவே உறுதியான சோதனையென்று கருதப்பட்டது. ஆனால் 1975இல் வெளியான ஓர் ஆய்வு, சுரண்டிய பின் அகற்றப்பட்ட கருப்பைகளைத் திறந்து பார்த்தபோது, 100க்கு 60இல் சவ்வின் பாதியளவுகூடச் சுரண்டப்படவில்லை என்று காட்டியது. காணாமல் கைபோன போக்கில் சுரண்டுவதன் குறை அது.

பிரான்சில் கோர்னியே என்னும் மருத்துவர் 1984 அளவில் அமைத்த பிப்பெல் என்னும் மெல்லிய குழாய் இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ 3 மில்லி மீட்டர் விட்டமுள்ள அக்குழாயைக் கருப்பைக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் தண்டை இழுத்தால், உறிஞ்சும் விசையால் சவ்வின் துணுக்குகள் குழாய்க்குள் வரும். மயக்க மருந்தும் படுக்கையும் வேண்டா. சில மணித்துளிகளில் முடியும். விடாய் வலி போன்ற சுளுக்கு வலி உண்டு. சிலர்க்கு அது கடுமையாகவும் இருக்குமாதலின், வலியடக்கும் மருந்தை முன்னதாகவே கேட்கலாம். விடாய் நில்லாதவரிடமும், 45 வயதை எட்டியவர்க்கு முறைகேடான போக்கு இருந்தால் திசுச் சோதனை செய்தல் வேண்டும் என்பது அமெரிக்க மகளிர் மருத்துவர்களின் நெறி.

அரிசிக் கடையில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் குத்திச் சிறிது அரிசி எடுத்துப் பார்ப்பதோடு இதனை ஒப்பிடலாம். மூட்டை முழுதும் பழுது என்றால் எங்கே குத்தினாலும் தெரிந்துவிடும். ஒரு மூலையில் மட்டும் பழுது இருப்பின், குத்தூசி வேறிடத்தில் பாயலாம். பல ஆய்வுகளை 2000ஆம் ஆண்டில் தொகுத்தபோது, புற்றுநோயை இக்குழாய் கண்டுபிடிக்கும் திறன் விடாய் நின்றவரிடம் 100க்கு 99க்கு மேல், நில்லாதவரிடம் 91 என்று கணக்கிடப்பட்டது. இது சிறந்த திறனே. ஆயினும் சிறியதோர் இடத்தில் மட்டும் தோன்றிய நோயையும், தொங்கும் பாலிப்பையும் இது தவறவிடக்கூடும்.

ஆறாம் படி: கண்ணால் காணல்

இத்தாலிய மருத்துவர் பாந்தலேயோனி 1869இல் ஒரு குறிப்பை வெளியிட்டார். 60 வயதான ஒரு பெண்ணுக்கு விடாய் நின்ற பின்னும் உதிரம் நில்லாமல் வந்தது. டப்ளின் நகர மருத்துவர் குரூஸ் அமைத்த விளக்குக் குழாயைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்த்த அவர், உள்ளே ஒரு பாலிப் இருப்பதைக் கண்டு, வெள்ளி நைட்ரேட்டால் அதனைச் சுட்டார். கருப்பையைக் கண்ணால் கண்டு நோயறிந்த முதல் நிகழ்ச்சியாக மருத்துவ வரலாறு இதனைப் போற்றுகின்றது. இக்கட்டுரை பேசும் நோயே அன்று அக்கருவியைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கத் தூண்டியது என்பது குறிக்கத்தக்கது.

கருப்பை அகநோக்கி என்னும் அக்கருவி, இன்று பென்சிலினும் மெல்லிய குழாயாகிவிட்டது. உப்புநீரால் கருப்பை அறையை விரித்து, ஒளிபாய்ச்சித் திரையில் பார்ப்பர். பழுது எங்கே உளதோ அங்கேயே திசுவை எடுப்பர். பாலிப் இருந்தால் அப்போதே நீக்குதலும் உண்டு. அகநோக்கிக்கு முன்னர், உப்புநீரைச் செலுத்திக்கொண்டே ஸ்கேன் செய்யும் முறையும் உண்டு. நீர் அறையை விரிப்பதால், தொங்கும் சதையும் அறைக்குள் புடைத்த கழலையும் நிழலாகத் தெளிவுபடும். ஆனால் புற்றுநோயா அன்றா என்னும் கேள்விக்கு அகநோக்கியும் தானாக விடை கூறாது. கண் இடத்தைக் காட்டும். திசுவே பெயரைச் சொல்லும்.

எதற்கு எது?

ஆகவே சோதனைகள் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை. எவ்வளவு இழப்பு? – குருதிச் சோதனை. கழுத்து நலமா? – பாப் ஸ்மியர். சவ்வு எத்துணைத் தடிப்பு, கழலை உண்டா? – ஸ்கேன். சவ்வின் உயிரணு எத்தகையது? – திசுச் சோதனை. பழுது எந்த இடத்தில்? – அகநோக்கி. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றொரு கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வதே பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

அறிக்கையைப் படிக்கும் முறை

மொழி பயின்றோர் நன்கு அறிவர்: “இல்லை” என்பது வேறு, “தெரியவில்லை” என்பது வேறு. திசு அறிக்கையில் “மாதிரி போதவில்லை” என்று எழுதியிருந்தால், நோயில்லை என்பது அதன் பொருளன்று. மெலிந்த சவ்விலிருந்து திசு குறைவாக வருவது இயல்பே. ஸ்கேனிலும் சவ்வு மெலிந்திருந்து உதிரமும் நின்றுவிட்டால் மருத்துவர் பொறுத்திருக்கலாம். சவ்வு தடித்திருந்தாலோ உதிரம் தொடர்ந்தாலோ மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

“சவ்வுப் பெருக்கம்” என்னும் சொல்லும் கவனத்துக்குரியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுப் பகுப்பின்படி அது இருவகை. உயிரணு பிறழாத பெருக்கம், 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 100க்கு 5க்கும் குறைவு; புரோஜெஸ்டரோன் வகை மருந்தால் பெரும்பாலும் அடங்கும். உயிரணு பிறழ்ந்த பெருக்கமோ வேறு. அவ்வாறு குறிக்கப்பட்ட 289 பெண்களின் கருப்பையை அகற்றி ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. அவர்களுள் 123 பேருக்குப் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தது. அறிக்கையில் உள்ள ஒரே ஒரு அடைமொழி மருத்துவத்தையே மாற்றிவிடுகின்றது. ஆகவே அறிக்கையின் படியைக் கேட்டுப் பெற்றுப் பேணுதல் நன்று.

காலம் தாழ்த்தாமை

இத்துணை ஆய்வும் எதற்காக? உட்சவ்வுப் புற்றுநோய் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில் கண்டறியப்பட்டால், ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் அமெரிக்கக் கணக்கில் 100க்கு ஏறத்தாழ 95. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டால் அந்த எண் 20 அளவுக்கு இறங்கிவிடுகின்றது. பல புற்றுநோய்கள் ஓசையின்றி வளர்வன. இதுவோ பெரும்பாலும் தொடக்கத்திலேயே உதிரத்தால் தன் வரவை அறிவிக்கும் நோய். அவ்வறிவிப்பை “வயது” என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது எத்துணை இழப்பு!

நம் நாட்டு மருந்தகங்களில் மற்றொரு தடையும் உண்டு. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பார். உடன் சென்ற மகனோ மகளோ தமிழாக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். தாய் மகனிடம் “கொஞ்சம் உடம்பு சரியில்லை” என்பாள். மகன் மருத்துவரிடம் “களைப்பாம்” என்பான். இரண்டு நாணங்களைக் கடந்து செல்வதற்குள் உதிரம் என்னும் சொல்லே காணாமற் போய்விடும். மகளோ மருமகளோ உடன் செல்வதும், செல்லுமுன் நாள்காட்டியில் குறித்து வைத்த நாள்களை எடுத்துச் செல்வதும் இதற்கு மாற்று. நாள்காட்டியில் இட்ட குறிக்கு நாணமில்லை, மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை ஐந்தே. கடைசி விடாய் என்று வந்தது. நின்று எத்தனை திங்களுக்குப் பின் உதிரம் கண்டது. எத்தனை நாள், எத்தனை அணையாடை. உண்ணும் மருந்துகள் யாவை. குடும்பத்தில் எவர்க்கேனும் புற்றுநோய் உண்டா. கேட்க வேண்டியது ஒன்று: “இது வயதால் வந்ததே என்று எந்தச் சோதனையால் தெரிந்தது?”

ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் இச்செய்தியைத் தக்க சொற்களால் எடுத்துரைக்கலாம். உதிரம், மாதவிடாய், கருப்பை என்பன நாணத்தக்க சொற்கள் அல்ல. உயிர் காக்கும் சொற்கள். ஆராய்ந்த பின்னர் “வயதின் இயல்புதான்” என்று மருத்துவர் சொல்வாராயின், அச்சொல்லை ஏற்று அமைதி கொள்ளலாம். ஆராயாத முன்னர் அதே சொல்லைச் சொல்ல வீட்டாருக்கும் உரிமையில்லை, அயலாருக்கும் உரிமையில்லை.